நாலாக மடித்த கயிறு: மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிப் பயணம்

முதல் நாள், வியாழன் இரவு, கோயம்புத்தூர்

பேராவூரணிப் பக்கத்தில் எந்தச் சங்கதியையும் கஜாவுக்கு முன், கஜாவுக்குப் பின் என்றுதான் சொல்கிறோம். 2018 நவம்பர் 16, விடியுமுன் வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயல் எங்கள் தோப்பில் நூற்று எண்பது தென்னையில் இருபத்தாறை மட்டும் நிற்க விட்டது. வரப்புத் தேக்கில் பதினொன்று போயிற்று. பாதி நிலத்தில் மறுபடியும் தென்னையே வைத்தேன். மீதிப் பாதி இன்னும் உளுந்துக்கும் எள்ளுக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. அங்கே என்ன மரம் வைக்கலாம் என்று யாரைக் கேட்டாலும் ஒரு மரத்தின் பெயரோடு ஒரு கோடி ரூபாயையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

அக்காள் மகள் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வனவியல் படிக்கிறாள். "எத்தனை முறை போனில் சொல்வது மாமா, ஒரு தடவை வந்து பாருங்கள்" என்று கோபித்துக்கொண்டாள். நேற்று இரவு தஞ்சாவூரில் செம்மொழி எக்ஸ்பிரஸ் ஏறினேன். கீழ்ப் படுக்கை கிடைத்தது. மேல் படுக்கைக்காரரின் குறட்டையும் கிடைத்தது. விடியற்காலையில் கோவையில் இறங்கியபோது ஊரே குளிர்சாதனப் பெட்டி போல இருந்தது.

அவளுக்கு இன்று தேர்வு. நாளைதான் வரச் சொல்லியிருக்கிறாள். பகல் முழுவதும் கையில் இருந்ததால் ஆர்.எஸ்.புரத்தில் உள்ள கேஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஹோரேஸ் ஆர்ச்சிபால்ட் கேஸ் என்ற வனப் பாதுகாவலர் சேர்க்கத் தொடங்கியது. 1902 ஏப்ரல் 15 அன்று சென்னை மாகாண ஆளுநர் ஆம்ப்தில் பிரபு திறந்துவைத்தது. உள்ளே பழைய மரப் பேழைகளின் வாசனை. பாடம் செய்த காட்டெருமை ஒன்று நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு அங்கே நேரம் போனது ஒரு தேக்கின் குறுக்கு வெட்டுக்கு முன்னால். நானூறு ஆண்டுகளைத் தாண்டிய மரமாம். வளையங்களை எண்ணிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்து, ஐம்பதைத் தாண்டியதும் கண் வழி தவறியது. ஒன்று மட்டும் தெரிந்தது: சில வளையங்களுக்கு நடுவே விரல் நுழையும் போல இடைவெளி, சில இடத்தில் நகத்தை வைத்தால் மூன்று நான்கு வளையம் மறைந்துவிடுகிறது. நல்ல மழை ஆண்டும் பஞ்ச ஆண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டும் அப்படித்தான் இருக்கும்.

அறைக்குத் திரும்பியதும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சைதாப்பேட்டையில் வேளாண்மைப் பள்ளி தொடங்கியது 1868. அதுதான் பிற்பாடு கோவைக்கு வந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. டேராடூனில் வனப் பள்ளி 1878, கோவையில் மதராஸ் வனக் கல்லூரி 1912. ஆனால் இவ்விரண்டும் வனத்துறை அலுவலர்களுக்கானவை. பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளை விண்ணப்பம் போட்டு வனவியலைப் பட்டமாகப் படிக்கும் ஏற்பாடு வேளாண் பல்கலைக்கழகங்களில் வந்தது 1985ஐ ஒட்டித்தான். நெல்லுக்கும் கரும்புக்கும் வாத்தியார் வந்து நூற்றுப் பதினேழு ஆண்டு கழித்துத்தான் மரத்துக்கு வந்திருக்கிறார். காடு சர்க்காருடையது, அதைக் காவல் காப்பவர் படித்தால் போதும் என்று இருந்திருக்கிறார்கள். வரப்பில் நான்கு மரம் வைத்திருப்பவன் யாரிடம் கேட்பது? வியாபாரியிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் நாள், வெள்ளி, மேட்டுப்பாளையம்

காலை முதல் ரயிலில் காரமடை வழியாக மேட்டுப்பாளையம். எதிர் நடைமேடையில் ஊட்டி மலை ரயிலுக்குப் பெரிய கூட்டம். நான் ஒருவன்தான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே வந்தேன் போலிருக்கிறது. கோத்தகிரிச் சாலையில் போகிறது பஸ். கல்லூரி வாசலில் இறங்கினால் நேரே நீலகிரி, சுவர் எழுப்பியது போல.

அக்காள் மகள் தொப்பியும் ஷூவும் சேறுமாக வந்தாள். கையில் ஒரு நேரான குச்சி. "மாமா, டிபன் அப்புறம். இப்போது அளவெடுக்கும் வகுப்பு. சாரிடம் சொல்லிவிட்டேன், நீங்களும் வரலாம்." அந்தக் குச்சி ஏன் என்று கேட்டேன். 1.37 மீட்டருக்கு வெட்டி வைத்திருக்கிறாள். நம் கணக்கில் நாலரை அடி. இதற்கு மார்பு உயரம் என்று பெயர். இந்தியா முழுக்க வனத்துறையில் மரத்தின் சுற்றளவை இந்த உயரத்தில்தான் எடுக்கிறார்கள். வேர்ப் பக்கத்து வீக்கத்தை விட்டு மேலே வந்துவிடும், குனியாமல் கொள்ளாமல் நாடாவையும் சுற்றலாம்.

சுலபம் என்று நினைத்தேன். ஒரு சரிவில் நின்ற மரத்துக்கு நானே நாடாவைச் சுற்றினேன். "தப்பு மாமா" என்றாள். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்துத் தரையிலிருந்து குச்சியை நிறுத்த வேண்டுமாம், நான் பள்ளத்துப் பக்கம் நின்றிருந்தேன். சாய்ந்த மரத்துக்குக் குச்சியும் தண்டோடு சாய வேண்டும். நாலரை அடிக்குக் கீழேயே கவை பிரிந்தால் அது ஒரு மரம் இல்லை, இரண்டு. அந்த இடத்தில் முடிச்சோ புடைப்போ இருந்தால் அதைத் தவிர்த்து எடுக்க வேண்டும். கொடியை விலக்க வேண்டும், நாடா முறுக்கக் கூடாது. ஒரு மரத்துக்கு இத்தனை சட்டம். எங்கள் ஊர்ப் பத்திரப் பதிவில்கூட இவ்வளவு கண்டிப்பு கிடையாது.

உயரத்துக்கு ஹாகா ஆல்டிமீட்டர் என்று துப்பாக்கிப் பிடி போட்ட ஒரு கருவி. மரத்திலிருந்து இருபது மீட்டர் தள்ளி நின்று நுனியைக் குறி பார்த்து விசையை அழுத்தினால் முள் ஓர் எண்ணில் நின்றுவிடுகிறது. அடியையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். மாணவர்கள் ஐந்து பேர் ஒரே மரத்தை அளந்தார்கள். ஐந்து விடை. ஆசிரியர் சிரிக்கவில்லை, ஐந்தையும் எழுதச் சொன்னார். பிறகு மறுபடி அளக்கச் சொன்னார்.

இடைவேளையில் அந்த உதவிப் பேராசிரியரிடம் பேச்சுக் கொடுத்தேன். கஜாவில் விழுந்த தேக்கை விற்ற கதையைச் சொன்னேன். புயலுக்குப் பத்தாம் நாள் ஒரு வியாபாரி சணல் கயிற்றோடு வந்தார். கட்டையைச் சுற்றிக் கயிறு விடுவார், அந்தச் சுற்றை நாலாக மடிப்பார், மடித்ததை அடிக்கோலில் வைப்பார். வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, இத்தனை கன அடி என்று ஒரு சிகரெட் அட்டையில் எழுதுவார். கட்டைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"கால் சுற்றளவு முறை. நாங்களும் இரண்டாம் ஆண்டில் சொல்லித்தருகிறோம்" என்றார் அவர். நோட்டை வாங்கி ஒரு கட்டையை வரைந்தார். சுற்றளவு 4 அடி, நீளம் 12 அடி. கயிற்றை நாலாக மடித்தால் 1 அடி. ஒன்றும் ஒன்றும் பெருக்கினால் ஒன்று, பன்னிரண்டால் பெருக்கினால் 12 கன அடி. அடுத்து அதே கட்டையை உருளை என்று வைத்து வட்டக் கணக்குப் போட்டார்: 15.28 கன அடி. மூன்றே கால் கன அடி மடிப்பில் போய்விட்டது. எந்தக் கட்டையை எடுத்தாலும் இந்த முறையில் உள்ளதில் நூற்றுக்கு 78.5தான் வரும், 21.5 விடுபடும்.

எனக்கு முகம் மாறியிருக்க வேண்டும். அவர் உடனே மூன்றாவது கணக்கையும் போட்டார். அதே கட்டையை நாலு பக்கமும் சீவிச் சதுரச் சட்டமாக அறுத்தால் எவ்வளவு தேறும்? பத்து கன அடிக்கும் கொஞ்சம் குறைவு. "பட்டை போகும், மேல் சீவல் போகும், வாள் தின்னும். அந்தச் சேதாரத்துக்கு ஒரு நடுவழிக் கணக்காகத்தான் இந்த முறை வந்தது. முறை எதுவானாலும் விலையை அந்த முறைக்குத் தகுந்தபடி பேச வேண்டும். அவர் எந்தக் கணக்கில் கன அடி சொல்கிறார் என்று நீங்கள் கேட்டீர்களா?"

கேட்கவில்லை.

"சரி, கயிற்றை எந்த இடத்தில் சுற்றினார்? நடுவிலா, நுனியிலா?"

அந்த நேரத்தில் நான் அவருக்கு டீ போடச் சொல்ல வீட்டுக்குள் போயிருந்தேன். பதினொரு கட்டைக்கும் கயிறு எங்கே விழுந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அந்தச் சிகரெட் அட்டையையும் அவரே எடுத்துப் போய்விட்டார்.

மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகவே சாப்பிட்டேன். ஆனால் சாயங்காலம் வரை அந்த மூன்று எண்ணும், பத்து, பன்னிரண்டு, பதினைந்து, காதில் ஓடிக்கொண்டே இருந்தன.

இருட்டியதும் அவளை விடுதி வாசலில் விட்டேன். மலையிலிருந்து இறங்கும் யானைகள் சில நாள் வளாகத்துக்குள்ளேயே வரும், அதனால் அந்தி சாய்ந்தபின் மாணவர்கள் தனியாகத் திரியக் கூடாது. "எங்களுக்கு வன உயிரியல் பாடம் ஜன்னலிலேயே நடக்கும்" என்கிறாள். ஊரில் இவள் கரப்பான்பூச்சிக்குக் கட்டிலில் ஏறி நின்றவள்.

மூன்றாம் நாள், சனி, மேட்டுப்பாளையம்

முதலில் ஒரு திருத்தம், என் ஐம்பது வருட அறிவுக்கு. சவுக்கு மரத்தில் ஊசி ஊசியாகத் தொங்குவது இலை இல்லை.

சிறுவயதில் எல்லோரும் விளையாடியிருப்போம்: சவுக்கு ஊசியைக் கணுவில் பிய்த்து, மறுபடி செருகி, எங்கே பிய்த்தேன் சொல் என்று கேட்பது. அந்த ஊசி ஒரு சின்னக் கிளை. இலை எங்கே என்றால், ஒவ்வொரு கணுவைச் சுற்றியும் பல் போலச் செதில்கள் இருக்கின்றன, அவைதான் இலை. அக்காள் மகள் பூதக்கண்ணாடியைக் கொடுத்து எண்ணச் சொன்னாள். எங்கள் கடற்கரைச் சவுக்கில் ஏழெட்டுப் பல். அடுத்து இன்னொரு ஊசி, ஜங்குனியானா என்ற இந்தோனேசியச் சவுக்கு. பத்து வந்தது. ஒன்பதிலிருந்து பதினொன்று வரை இருக்கலாம் என்றாள். தூரத்தில் இரண்டும் எனக்கு ஒரே சவுக்குதான், பல்லைப் பிடித்துப் பார்த்தால்தான் சாதி தெரிகிறது.

இதில் எனக்கு ஒரு சொந்தச் சங்கதி உண்டு. கடலோரச் சவுக்கில் பட்டை கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, உரித்தால் உள்ளே கரி போலத் தூள் கொட்டும். பட்ட மரம் பட்டதுதான். அது ஒரு பூஞ்சாண நோய். ஜங்குனியானாவை அவ்வளவாகத் தாக்குவதில்லை. இந்த இரண்டு சவுக்கையும் வைத்துத்தான் இங்கேயும், கோவையில் 1988இல் தொடங்கிய மத்திய அரசின் வன மரபியல் நிறுவனத்திலும் புதிய வகைகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இங்கிருந்து வெளியானவை எம்.டி.பி. என்ற பெயரில் வரும், மேட்டுப்பாளையத்தின் சுருக்கம்.

நாற்றங்காலுக்குப் போனோம். மலைவேம்பின் விதையை நான் முன்பு ஒரு தடவை வாங்கி முளைக்காமல் ஏமாந்திருக்கிறேன். கொட்டை கல் போல இருக்கும், நூறு போட்டால் இருபது முளைத்தாலே அதிகம். அதனால் இங்கே விதையை நம்புவதில்லை. மணல் படுக்கையில் தாய்ச்செடிகளைக் குட்டையாகவே வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து மூன்று நான்கு அங்குலத் துளிரை வெட்டி, அடியை வேர்விடும் ஊக்கியில் தோய்த்து, குழித்தட்டில் நட்டு, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ஈரக்காற்றில் மூடிவிடுகிறார்கள். உள்ளே கையை விட்டால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி. ஒரு மாதத்தில் வேர். குழிக்குள் என்ன மண் என்று ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்தேன். மக்கிய தென்னை நார்க்கழிவு! எங்கள் ஊர்க் கயிறு ஆலை வாசலில் மலையாகக் கிடக்கும், மழைக்காலத்தில் செம்பழுப்புத் தண்ணீராக வாய்க்காலில் ஓடும்.

ஆராய்ச்சித் திடலில் ஒவ்வொரு மரத்திலும் அலுமினியத் தகட்டில் எண், மார்பு உயரத்தில் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு. அடுத்த ஆண்டு அளப்பவர் வேறு ஆளாக இருந்தாலும் நாடா அதே கோட்டில்தான் விழ வேண்டும். அதே மாதத்தில் அளக்க வேண்டும். பதிவேட்டைக் காட்டினாள். ஒரு மரத்துக்கு ஒரு வரி, ஒரு வருடத்துக்கு இரண்டு கட்டம்: உயரம், சுற்றளவு. கடைசியில் குறிப்பு. பல வரிகள் இரண்டாம் ஆண்டோடு நின்றுபோயிருந்தன. குறிப்பில் 'பட்டது', 'தண்டுப் புழு', 'காற்றில் ஒடிந்தது', ஓரிடத்தில் சிவப்பு மையில் 'யானை'. செத்த மரத்துக்கு எதற்கு இடம் என்று கேட்டேன். "எத்தனை பிழைத்தது என்று சொல்லாமல் எவ்வளவு வளர்ந்தது என்று மட்டும் சொன்னால், அது மாமா, விளம்பரம்" என்றாள். அவள் ஆசிரியர் சொன்னதாக இருக்கலாம், ஆனால் அவள் குரலில் கேட்க நன்றாக இருந்தது.

ஆண்டு முடிந்தால் இந்தக் கட்டங்கள்தான் துறையின் அறிக்கை ஆகின்றன. என்ன வகையை விட்டுவிடுவது, எதை விவசாயி நிலத்தில் வைத்துச் சோதிப்பது என்று அதை வைத்துத்தான் கூடிப் பேசுகிறார்களாம். நெல்லில் நூறு நாளில் தெரிவது இங்கே நான்கைந்து ஆண்டு. தேக்கென்றால், தொடங்கியவர் ஓய்வு பெற்றுவிடுவார். முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு மாணவர், தான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது நட்ட மரங்களில் இப்போது ஆய்வு செய்கிறார். முதல் பக்கங்களில் யாருடைய கையெழுத்து என்று அவருக்கே தெரியாது.

சந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2008 முதல் சில ஆண்டு தேசிய வேளாண் புதுமைத் திட்டத்தில் இந்தக் கல்லூரி, காகித ஆலைகள், விவசாயிகள் என்று ஒரு சங்கிலி கட்டினார்கள். 2015இல் அது ஆலைகளும் சேர்ந்த ஒரு கூட்டமைப்பாக ஆனது. சவுக்குக்குக் காகித ஆலை, மலைவேம்புக்கு ஒட்டுப்பலகை ஆலை. வெட்டினால் யார் வாங்குவார் என்று நடும்போதே பேசுவது எனக்குப் பிடித்திருக்கிறது. இடைவெளியில்தான் எனக்கும் அவர்களுக்கும் ஒத்துவரவில்லை. எங்கள் பக்கம் சவுக்கை நெருக்கமாக நடுவோம், ஏக்கருக்கு நாலாயிரத்துக்கு மேல். இவர்கள் ஐந்தடிக்கு ஐந்தடி என்கிறார்கள், ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம். மெலிந்த கழி சாரத்துக்கும் பந்தலுக்கும் எங்கள் ஊரில் நன்றாகப் போகிறது, ஆலைக்கு மட்டும் பருமன் வேண்டும் என்றேன். "யாருக்கு விற்கப் போகிறீர்களோ அதற்குத் தகுந்தபடி நடுங்கள்" என்று சுருக்கமாக முடித்துவிட்டார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

என்னோடு திடலைப் பார்க்க வந்த ஆறேழு விவசாயிகளில் நாலு பேர் கேட்டது சந்தனம். தமிழ்நாட்டில் 2002இல் சட்டம் திருத்தியபின் பட்டா நிலத்தில் வளர்க்கலாம். வெட்டி விற்பது வனத்துறை வழியாகத்தான். அது அரை ஒட்டுண்ணி, பக்கத்து வேரில் உறிஞ்சித்தான் பிழைக்கும், முதலில் துவரை போலவும் பிறகு சவுக்கு போலவும் துணை வேண்டும். வயிரம் பாய ஆண்டுகள் ஆகும், அதுவரை காவல். இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒருவர், "அப்போ ஏக்கருக்கு எத்தனை கோடி?" என்றார்.

நான்காம் நாள், ஞாயிறு, ரயிலில்

மலைவேம்புக் கன்று முப்பது. அட்டைப் பெட்டியில் நிறுத்தி, ஈரச் சாக்கு சுற்றி, இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன். சவுக்கை மழைக்கு முன்னால் ஊர்ப் பக்கமே வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஈரோட்டில் ஏறிய ஓர் அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "கறிவேப்பிலையா?" என்றார். இல்லை என்றேன். அதற்குமேல் அவருக்கு ஆர்வம் இல்லை.

கிளம்பும்போது அக்காள் மகள் அவளுடைய குச்சியை என்னிடம் கொடுத்துவிட்டாள். தனக்கு இன்னொன்று வெட்டிக்கொள்வாளாம். படிப்பு முடிந்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். ரேஞ்சர் தேர்வு எழுத வேண்டும், இல்லாவிட்டால் மேல்படிப்பு, அதுவும் இல்லாவிட்டால் ஏதாவது ஆலையின் மரவளர்ப்புப் பிரிவு. "அதுவும் இல்லை என்றால் உங்கள் பண்ணைக்கு வந்துவிடுகிறேன், சம்பளம் பேசுங்கள்" என்றாள். நான் பேச்சை மாற்றினேன்.

ஆறாம் நாள், செவ்வாய், வீடு

முப்பதில் இரண்டு வாடியிருந்தது. மீதியைப் பத்தடிக்குப் பத்தடி இடைவெளியில் குழியெடுத்து வைத்தாயிற்று.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் குச்சியோடு கிழக்கு வரப்புக்குப் போனேன். கஜாவில் விழாமல் நின்ற தேக்கு மூன்று. முதல் மரம் 94 சென்டிமீட்டர். இரண்டாவது 101. மூன்றாவது வாய்க்கால் சரிவில் சாய்ந்து நிற்கிறது. மேட்டுப் பக்கம் போய் நின்று, குச்சியைத் தண்டோடு சாய்த்துப் பிடித்தேன். 88. வீட்டுக் கேட்டுக்கு அடித்த பெயின்டில் மிச்சம் இருந்தது, பச்சை. மூன்றுக்கும் நாலரை அடியில் கோடு போட்டேன். பெரிய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி எழுதினேன்.

மனைவி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "எதற்கு இந்தக் கோடு? யாராவது வாங்க வருகிறார்களா?" என்றாள். அடுத்த வருஷம் இதே மாதம் மறுபடி அளக்க என்றேன். அந்த நோட்டை வாங்கிப் பார்த்தாள். மூன்று வரிக்கு மேலே பதினொரு வரியைக் காலியாக விட்டு, குறிப்புக் கட்டத்தில் மட்டும் 'புயல்' என்று எழுதியிருந்தேன். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள்.

கன்றுகளுக்கு நாளை தண்ணீர் விட வேண்டும்.